மூச்சுக்குழாயில் கட்டி: லேசர் போதுமா?

கேள்வி: எனக்கு வயது 46, கோலாலம்பூர் செந்தூலில் வசிக்கிறேன். இரண்டு ஆண்டுகளாக ஆஸ்துமா என்று பம்ப் அடித்தும் இழுப்பு குறையவில்லை. இப்போது சிடி ஸ்கேனில் மூச்சுக்குழாயில் கட்டி என்கிறார்கள். சதைப் பரிசோதனையில் 'அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமா' என்று வந்திருக்கிறது. நான் சிகரெட்டைத் தொட்டதே இல்லை. குழாயை வெட்டி எடுக்க வேண்டுமாம். லேசரில் சுட்டுவிட முடியாதா? குரல் போய்விடுமா?

பதில்: சகோதரி, சிகரெட் கவலையை முதலில் விடுங்கள். இந்த வகைப் புற்றுக்கும் புகைக்கும் தொடர்பு காணப்படவில்லை. குழாயின் உட்சுவரிலுள்ள சின்னச் சுரப்பிகளில் முளைத்து மெதுவாக வளரும். பாதிக்கு மேல் அடைபடும் வரை பெரிதாக ஒன்றும் தெரியாது. மார்பு எக்ஸ்ரேயிலும் பல நேரம் சிக்காது. ஆஸ்துமா இழுப்பு பெரும்பாலும் மூச்சை விடும்போது நெஞ்சில் கேட்கும். பெரிய குழாய் அடைபட்டால் மூச்சை உள்ளே இழுக்கும்போதும் சத்தம் வரும், பம்புக்கு அசையாது. ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்தில் வைத்தால் அங்கேதான் பலமாகக் கேட்கும். பம்புக்கு அடங்காத இழுப்பு உள்ள மற்ற வாசகர்களும் ஸ்பைரோமெட்ரி (குழாயில் ஊதவைத்து மூச்சின் அளவையும் வேகத்தையும் பார்ப்பது) சோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

லேசர் மூச்சுக்கு வழி திறந்துவிடும், அவ்வளவுதான். இந்தக் கட்டி சவ்வுக்கு அடியிலும் நரம்போரமாகவும் ஊர்ந்து போகும் குணமுள்ளது. கண்ணுக்குத் தெரிவதைச் சுட்டால் வேர் தங்கிவிடும். எடுக்க முடிகிற நிலையில் இருந்தால் அறுவைதான் சரி என்பது என் கருத்து.

பெரியவர்களின் மூச்சுக்குழாய் மொத்தமே 10 முதல் 12 செ.மீ. நீளம். தேவைப்பட்டால் கிட்டத்தட்ட பாதி வரை எடுத்துவிட்டு இரு முனைகளையும் இழுத்துத் தைக்கலாம். அந்த நேரம் மூச்சு எப்படி என்று பயப்பட வேண்டாம்: வெட்டிய கீழ்முனைக்குள் ஒரு டியூப்பை நுழைத்து, மயக்க மருத்துவர் அதன் வழியே காற்று கொடுத்துக்கொண்டிருப்பார். அப்புறம் சுமார் ஒரு வாரத்துக்கு உங்கள் முகவாயை நெஞ்சோடு சேர்த்து ஒரு தையல் போட்டு வைக்கலாம். கண்ணாடியில் பார்க்கத் திக்கென்றிருக்கும். தலையை நிமிர்த்தினால் உள்தையல் இழுபடும் என்பதால்தான் அது.

குரல்நாண் இருப்பது குரல்வளையில். மூச்சுக்குழாய் அதற்குக் கீழே. ஆனால் குரல்நாணை அசைக்கும் நரம்புகள் குழாயை ஒட்டியே ஏறுகின்றன. "கட்டிக்கும் குரல்வளைக்கும் இடையே எத்தனை செ.மீ.? நரம்பைத் தொடுகிறதா?" என்று சர்ஜனிடம் கேளுங்கள். தூரம் இருந்தால் குரல் தப்ப நல்ல வாய்ப்புண்டு. இரண்டாவது கருத்து வேண்டுமானால், மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம் போல, காது மூக்கு தொண்டைப் பிரிவும் நெஞ்சு அறுவைப் பிரிவும் ஒரே கூரையின்கீழ் உள்ள இடத்துக்கு ஸ்கேன் படங்கள் உள்ள டிஸ்க்கோடு போங்கள்.

அறுவைக்குப் பின் பெரும்பாலும் கதிர்வீச்சும் தருவார்கள். பத்து ஆண்டு கழித்தும் திரும்பக்கூடியது என்பதால் செக்கப்பை விடக்கூடாது. இதற்கிடையில் உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு முட்டினாலோ இருமலில் ரத்தம் வந்தாலோ அப்பாயின்மெண்ட் தேதிக்குக் காத்திருக்காமல் 999-ஐ அழையுங்கள்.