ஒரு முழத்துக்குள் வருபவர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மனிதர்கள் ஒருவருக்கொருவர் விட்டு நிற்கும் இடைவெளியை அமெரிக்க மானுடவியலாளர் எட்வர்ட் ஹால் நெருக்கம், தனிப்பட்டது, சமூகம், பொது என்று நான்காக வகுத்தது பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். தோஹாவில் இது அன்றாடக் காட்சி. அரபு சக ஊழியர் பேச வந்தால் மூச்சு மேலே படும் தூரத்தில் நிற்பார். நாம் ஓரடி நகர்ந்தால் அவரும் ஓரடி நெருங்குவார். அவர்களுக்கு ‘நான்’ என்பது உடம்புக்குள் எங்கோ ஆழத்தில் இருக்கிறது, அதனால்தான் இப்படி என்று ஹாலே சொல்லியிருப்பதாக ஒரு நண்பர் சொல்கிறார். உண்மையா? இடைவெளியை நாமே அளந்து பார்க்க முடியுமா?

ஆர்., தோஹா

அன்புள்ள ஆர்.,

ஹால் அப்படித்தான் எழுதினார். 1966இல் வந்த ‘தி ஹிடன் டைமென்ஷன்’ நூலில் அரபு உலகம் பற்றி ஒரு பகுதி உண்டு. மேலை நாட்டவருக்கு ஆள் என்பவர் தோலோடு முடிகிறார். வட ஐரோப்பாவில் சட்டைகூட அவரில் சேர்த்தி. அரபு வழக்கில் ஆள் உள்ளே ஆழத்தில் இருக்கிறார். கூட்டத்தில் இடிபடுவது உடம்புதான், அவர் இல்லை. ஆனால் ஒரு வசைச்சொல் நேரே உள்ளே போய்த் தைத்துவிடும்.

அழகான விளக்கம்தான், எனக்குப் பாதி சம்மதம். 2017இல் வெளியான ஓர் ஆய்வில் 42 நாடுகளில் கிட்டத்தட்ட 9000 பேரிடம் கேட்டார்கள். சவுதிக்காரர் நண்பருக்கு விடும் இடைவெளி, அர்ஜென்டினாக்காரர் முன்பின் தெரியாதவருக்கு விடுவதைவிட அதிகமாக வந்தது! தாளில் இருந்த படத்தில் குறிக்கச் சொல்லிக் கேட்ட கணக்கு அது. குறிப்பது வேறு, நிற்பது வேறு. இருந்தாலும் ‘அரபுக்காரர்’ என்று எல்லாரையும் ஒரே கயிற்றில் கட்ட முடியாது என்பதற்கு அது போதும்.

எனக்குச் சம்மதமான பாதி எது என்றால், ‘நான்’ முடியும் இடம் தோல் அல்ல என்பது. 1996இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், எட்டாத தீனியை ஒரு சிறு வாரியால் இழுக்கக் குரங்குகளைப் பழக்கினார்கள். கைக்குப் பக்கத்தில் ஏதாவது வந்தால் மட்டும் துடித்த மூளைச் செல்கள், வாரியின் நுனிக்குப் பக்கத்தில் வந்தாலும் துடிக்கத் தொடங்கின. வேலை செய்யாமல் வாரியைச் சும்மா பிடித்திருந்தபோது எல்லை பழையபடி சுருங்கிவிட்டது. பயமும் எல்லையை நகர்த்தும். 1970இல் கின்ஸெல் என்ற மனநல மருத்துவர் அமெரிக்கச் சிறையொன்றில் அளந்தபோது, வன்முறைக் கைதிகளுக்குத் தம்மைச் சுற்றித் தேவைப்பட்ட இடம் மற்றக் கைதிகளுக்கு வேண்டியதைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு. அதிலும் முன்பக்கத்தைவிட முதுகுப்பக்கம் அதிகம். சிறிய ஆய்வுதான், ஆனால் முதுகுப்பக்கக் கணக்கு யோசிக்க வைக்கிறது.

அளப்பது எளிது. ஒருவரை நிற்க வையுங்கள். அவருக்கு அறிமுகம் இல்லாத ஒருவர் 3 மீட்டர் தள்ளியிருந்து மெதுவாக நடந்து வரட்டும். நிற்பவருக்குச் சங்கடம் தட்டும்போது ‘போதும்’ என்பார். அங்கேயே அளந்துவிடாதீர்கள். எட்டு வைத்து வருவதால் கணக்கு அரையடி முன்பின் ஆகியிருக்கும். இன்னும் கொஞ்சம் முன்னே, பின்னே என்று நிற்பவரே திருத்தட்டும். பிறகு மார்புக்கு மார்பு அளக்கலாம், கால்விரலுக்குக் கால்விரலும் அளக்கலாம். எதை எடுத்தாலும் கடைசிவரை அதையே பிடியுங்கள். கலந்தால் ஒப்பிட முடியாது. முன், பின், இரு பக்கம், ஒவ்வொன்றிலும் மூன்று முறை எடுத்துச் சராசரி போடுங்கள். வருபவர் சிரித்தாலோ பேசினாலோ தரையைப் பார்த்தாலோ அந்த அளவை விட்டுவிடுங்கள். பார்வை விலகினாலே இடைவெளி மாறிவிடும். எதற்காக அளக்கிறீர்கள் என்பதையும் முடிந்த பிறகு சொன்னால் போதும்.

ஹாலின் கணக்கில் மிக நெருங்கியவர்களுக்கான வட்டம் 18 அங்குலம், நம் ஊர் ஒரு முழம். உங்கள் சக ஊழியர் அதற்குள் வந்தால் பின்வாங்காதீர்கள். நீங்கள் விலகியதை அவர் ஈடுகட்டப் பார்ப்பார், சுவர் வரும்வரை இது ஓயாது. உடம்பைக் கால்வட்டம் திருப்பி, மேசையின் மூலையில், அவர் பக்கவாட்டில் வரும்படி நில்லுங்கள். தூரம் அதேதான், முகத்துக்கு நேரே முகம் இருக்காது.