‘தோல்வி’ என்று காட்டினால் உடனே திரும்ப அனுப்பாதீர்கள்

தொலைவிலிருந்தே கணினிகளில் மென்பொருளை நிறுவ உதவும் மைக்ரோசாஃப்ட் இன்டியூன் பற்றி இந்த முறை வந்த கேள்விகள் எல்லாம் தோட்ட அலுவலகங்களிலிருந்து. தலைமை அலுவலகம் கொழும்பில், கணினிகள் மலையில். நடுவில் இருப்பது ஒரு 4ஜி ரவுட்டர்.

ஹட்டன்: பன்னிரண்டு கணினிகளுக்கு இன்டியூன் வழியாகச் செக்ரோல் (தொழிலாளர் சம்பளப் பதிவேடு) மென்பொருளை அனுப்பினேன். மூன்றில் தோல்வி என்கிறது. ஆனால் கிளார்க் அதில்தான் சம்பளக் கணக்குப் பார்க்கிறார்!

கிளார்க்கை நம்புங்கள். நிறுவி முடித்ததும் இன்டியூன், மென்பொருள் கணினியில் இருக்கிறதா என்று, நீங்கள் எழுதிக் கொடுத்த கண்டறியும் விதியை வைத்துத் தேடிப் பார்க்கும். விதி தப்பென்றால் நல்ல மென்பொருளும் தோல்விதான். பதிப்பு எண் ‘சமம்’ என்று போட்டிருப்பீர்கள். அந்த மூன்றிலும் மென்பொருள் தானாகப் புதுப்பித்துக்கொண்டிருக்கும். ‘சமம் அல்லது அதற்கு மேல்’ என்று மாற்றிப் பாருங்கள். அதுவும் இல்லையென்றால், 32-பிட் மென்பொருளை 64-பிட் புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரில் தேடுகிறீர்களா என்று பாருங்கள்.

மஸ்கெலியா: நிறுவும்போது 1618 என்ற எண் வருகிறது.

இன்னொரு நிறுவல் ஓடிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். பெரும்பாலும் ஏதாவது ஒரு அப்டேட்டாக இருக்கும். விட்டுவிடுங்கள், இன்டியூன் தானே மறுபடி முயலும்.

பண்டாரவளை: நான் உட்கார்ந்து ஓடவிட்டால் ஸ்கிரிப்ட் வேலை செய்கிறது. அனுப்பினால் இல்லை.

நீங்கள் ஓடவிடும்போது ஓடுவது நீங்கள். அனுப்பும்போது ஓடுவது ‘சிஸ்டம்’, அதாவது விண்டோஸின் சொந்தக் கணக்கு. நீங்கள் இணைத்து வைத்திருக்கும் நெட்வொர்க் ஃபோல்டரான இஸட் டிரைவ் அதற்குத் தெரியாது. திரையில் ‘ஓகே’ கேட்கும் பெட்டி வந்தால் அதை அழுத்தவும் அங்கே ஆளில்லை, நேரம் முடியும் வரை அப்படியே நிற்கும். கோப்புகளை அனுப்பும் பொதியின் உள்ளேயே வைத்து, எதையும் கேட்காமல் நிறுவும் ‘அமைதி நிறுவலுக்கான’ சுவிட்சைக் கட்டளையில் சேருங்கள். அனுப்புவதற்கு முன் பிஎஸ்எக்ஸெக் என்ற மைக்ரோசாஃப்ட் கருவியைக் கொண்டு சிஸ்டம் கணக்கிலேயே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். நானும் இதற்காக ஒரு முழு நாளைத் தொலைத்தவன்தான்.

தலவாக்கலை: நிறுவியதும் 3010 என்ற எண் வந்தது. தினமும் மாலையில் கணினிகளை அணைக்கிறோம். இருந்தும் ஒரு வாரமாக ‘ரீஸ்டார்ட் தேவை’ என்றே நிற்கிறது.

இந்தக் கேள்விக்காகத்தான் நான் காத்திருந்தேன். 3010 தோல்வி அல்ல. வேலை முடிந்தது, ரீஸ்டார்ட் பாக்கி. ஆனால் ‘ஷட் டவுன்’ என்பது ரீஸ்டார்ட் ஆகாது. விண்டோஸ் 8 முதல் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்று ஒன்று இருக்கிறது. அணைக்கும்போது விண்டோஸின் உள்மையத்தை அது வட்டில் அப்படியே உறைய வைத்து, காலையில் எழுப்பிவிடும். இடி மின்னலுக்குப் பயந்து மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டுப் போனாலும் இதுதான் கதை, உறைந்தது வட்டில் பத்திரமாக இருக்கும்.

ஒரு தொழிற்சாலையில் இதை நேரில் பார்த்தேன். டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸில் சிபியுவைத் தொட்டால் ‘அப் டைம்’ தெரியும். தினமும் அணைக்கிற கணினியில் பதினெட்டு நாள் என்றிருந்தது. பக்கத்தில் நின்ற கிளார்க், “நேற்றுகூட நான்தானே சேர் ஓஃப் பண்ணினேன்” என்றார். பொய்யில்லை, பாவம். ‘ரீஸ்டார்ட்’ கொடுத்ததும் தீர்ந்தது. எல்லாக் கணினியிலும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்திவிடலாம். காலையில் சில வினாடி கூடும், ஒன்றும் கெட்டுப்போகாது.

பதுளை: 900 எம்பி பொதி. பத்துக் கணினிகளும் ஒரே நேரத்தில் இறக்கினால் ரவுட்டர் செத்துவிடுகிறது.

விண்டோஸில் உள்ள டெலிவரி ஒப்டிமைசேஷன் இயங்கினால் ஒன்று இறக்கியதை மற்றவை அதனிடம் வாங்கிக்கொள்ளும். அதற்குக் கணினிகளுக்கிடையே டிசிபி 7680 போர்ட் திறந்திருக்க வேண்டும். ரவுட்டரின் வைஃபையில் ‘கிளையன்ட் ஐசோலேஷன்’ போட்டிருந்தால் ஒன்றையொன்று பார்க்கவே பார்க்காது, அதை முதலில் எடுங்கள். அப்புறம், ஒரேயடியாகப் பத்துக்கும் வேண்டாம். முந்தின நாள் ஒரு கணினிக்கு மட்டும் கொடுத்து, அதை அணைக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள்.