பட்டா நிலம் 'அரசு தரிசு' என்று பதிவாகியிருந்தால் எதை வைத்து நிரூபிப்பது?

கேள்வி: தாத்தா 1956-இல் பதிவுப் பத்திரம் மூலம் வாங்கிய 62 சென்ட் புஞ்சையில் இன்றுவரை பயிர் செய்கிறோம். பிள்ளைகளுக்கு செட்டில்மெண்ட் (குடும்பத்தாருக்கு நிலத்தை எழுதி வைக்கும் பத்திரம்) எழுதப் போனபோது, கணக்கில் 'அரசு தரிசு' என்று இருப்பதாகப் பதிவு செய்ய மறுத்துவிட்டார்கள். பத்திரமும் சில பழைய கிஸ்தி (நிலவரி) ரசீதுகளும் இருக்கின்றன. ஒப்படைப் பட்டாவுக்கு மனு கொடுத்தால் சுலபம் என்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். ஒப்படை என்பது அரசு தன் நிலத்தை உங்களுக்குத் தருவது. அந்த மனுவில் கையெழுத்திட்டால், நிலம் அரசுடையது என்று நீங்களே எழுதிக் கொடுத்ததாகிவிடும். நாளை நீதிமன்றத்தில் அரசு வழக்கறிஞர் முதலில் எடுத்துக் காட்டுவது அதைத்தான். ஆக்கிரமிப்புக்கான 'பி மெமோ' வந்து தண்டத் தீர்வை (அபராத வரி) கட்டினாலும் இதே சிக்கல். அந்த ரசீதைப் பலர் வரி ரசீது என்று நினைத்துப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். உங்கள் ரசீதுகளில் அப்படி ஏதும் கலந்திருக்கிறதா என்று இன்றே பிரித்துப் பாருங்கள்.

1979-இல் தொடங்கி 1987 வரை நடந்த யு.டி.ஆர். என்கிற நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில்தான் இந்தத் தவறுகளில் பெரும்பாலானவை நேர்ந்தன. சர்வே எண்கள் உட்பிரிவாயின, ஏக்கர்-சென்ட் ஹெக்டேர்-ஏர் ஆனது. வெளியூரில் இருந்தவர், விசாரணைக்கு வராதவர் ஆகியோரின் நிலம் 'தரிசு' என்றோ 'அனாதீனம்' (உரிமையாளர் தெரியாதது) என்றோ எழுதப்பட்டது. ஆகவே நீங்கள் காட்ட வேண்டியது ஒன்றுதான்: யு.டி.ஆருக்கு முந்தைய கணக்கில் இது ரயத்துவாரி (அரசுக்கு நேரடியாக வரி கட்டும் தனியார்) பட்டா நிலம், அந்த நிலமே இன்றைய இந்த எண்.

பத்திரம் மட்டும் இதைக் காட்டாது. விற்றவருக்கு உரிமை இருந்ததா என்பதைப் பதிவு அலுவலகம் தீர்மானிப்பதில்லை. புறம்போக்கைக்கூட ஒருவர் கிரயம் எழுதிக் கொடுத்திருக்க முடியும். தேவையானவை: யு.டி.ஆருக்கு முந்தைய 'அ' பதிவேடு (சர்வே எண் வாரியாக நிலத்தின் வகையும் பரப்பும் எழுதிய கிராமக் கணக்கு), யு.டி.ஆர். 'அ' பதிவேடு, பழைய எண்ணையும் புதிய எண்ணையும் இணைக்கும் ஒப்பீட்டுப் பட்டியல், இரண்டு காலத்துப் புலப்படங்கள் (நில அளவை வரைபடங்கள்), பழைய சிட்டா, அடங்கல் (பயிர்க் கணக்கு). வட்டாட்சியர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கேளுங்கள். 'கோப்பு இல்லை' என்றால் அதைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் வாங்கிக்கொண்டு, சென்னை சேப்பாக்கத்திலுள்ள நில அளவைத் துறையிலும் எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் தேடுங்கள்.

புலப்படங்களை ஒப்பிடும்போது அளவில் கவனம் வேண்டும். பழையது லிங்க் கணக்கு, புதியது மீட்டர். 100 லிங்க் 66 அடி, அதாவது 20.1 மீட்டர். உங்கள் 62 சென்ட் ஏறத்தாழ 25 ஏர், சிட்டாவில் 0.25.0 ஹெக்டேர் என்று வர வேண்டும். பரப்பு பொருந்தாவிட்டால் நிலத்தின் ஒரு பகுதி பக்கத்து உட்பிரிவில் கலந்திருக்கலாம்.

பலர் தேடாத சான்று ஒன்று உண்டு. பக்கத்து நிலங்களின் பழைய பத்திரங்களில் நான்கு எல்லை எழுதும்போது 'இன்னார் நிலத்துக்குக் கிழக்கு' என்று உங்கள் தாத்தா பெயர் வந்திருக்கும். உங்களுக்குத் தொடர்பே இல்லாத இருவர் தங்களுக்குள் எழுதிக்கொண்டதை உங்களுக்காக ஜோடித்தது என்று யாரும் சொல்ல முடியாது. பக்கத்து எண்களுக்கு வில்லங்கச் சான்று போட்டு அந்தப் பத்திரங்களின் நகல் எடுங்கள். 1975-க்கு முந்தையவற்றுக்குப் பதிவு அலுவலகத்தில் நேரில் மனு செய்து தேட வேண்டியிருக்கும்.

இரண்டு இடங்களில் இந்த வழி தடைப்படும். பழைய கணக்கிலேயே ஏரி, வாய்க்கால், ஓடை என்று இருந்தால் அறுபது ஆண்டு அனுபவமும் பட்டா பெற்றுத் தராது. உங்கள் ஊர் ஜமீன் அல்லது இனாம் (மானியமாக விடப்பட்ட) கிராமமாக இருந்திருந்தால், 1948, 1963 ஒழிப்புச் சட்டங்களின்படி நிலம் முதலில் அரசிடம் போய், பிறகுதான் ரயத்துவாரி பட்டா தரப்பட்டிருக்கும். அங்கே பத்திரத்தைவிட நிலவரித் திட்ட (செட்டில்மெண்ட்) அதிகாரியின் பட்டா உத்தரவே அடிப்படை. நத்தம் (ஊர்க் குடியிருப்பு நிலம்) வேறு விஷயம்: 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் 2-ஆவது பிரிவே வீட்டுமனையையும் கொல்லையையும் அரசு நிலத்திலிருந்து விலக்கி வைத்திருக்கிறது.

ஆவணங்கள் சேர்ந்ததும் மாவட்ட வருவாய் அலுவலரிடம் யு.டி.ஆர். பிழை திருத்த மனு கொடுங்கள். பெயர்ப் பிழை போன்றவை கீழ்நிலையிலேயே தீரும். அரசு நிலம் என்ற வகைப்பாட்டை மாற்றுவது அங்கேதான். மனுவில் பழைய எண், புதிய எண், பரப்பு, 1956 முதல் இன்றுவரை கைமாறிய வரிசை, வாரிசு விவரம் ஆகியவற்றை ஒரே அட்டவணையாக வையுங்கள். கிராம நிர்வாக அலுவலரும் நில அளவரும் இடத்தைப் பார்க்க வரும் நாளில் நீங்கள் அங்கே இருப்பது அவசியம். கிணறு, வேலி, மரங்கள் அறிக்கையில் ஏறட்டும். மனு கிடப்பில் கிடந்தால், குறித்த காலத்துக்குள் முடிவெடுக்கச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாம். ஆனால் உரிமை யாருடையது என்ற தகராறை ரிட்டில் தீர்க்க மாட்டார்கள்.

மனு தள்ளுபடியானால் சிவில் நீதிமன்றத்தில் உரிமை விளம்புகை வழக்கு, அதாவது நிலம் உங்களுடையது என்று அறிவிக்கக் கேட்கும் வழக்கு. அதற்கு முன் சிவில் நடைமுறைச் சட்டம் 80-ஆவது பிரிவின்படி அரசுக்கு இரண்டு மாத நோட்டீஸ். விளம்புகைக்குக் காலவரம்பு 3 ஆண்டு என்பதால், பதிவு மறுக்கப்பட்ட நாளுக்கு எழுத்துச் சான்று வாங்கி வையுங்கள். அரசுக்கு எதிரான விளம்புகையில் குறைந்தது 30 ஆண்டுக்கான உரிமைத் தொடரையோ, 30 ஆண்டு எதிரிடை அனுபவத்தையோ (உரிமையாளருக்கு எதிராக வெளிப்படையாக, தொடர்ந்து வைத்திருந்த அனுபவம்) நிரூபிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் கூறியிருக்கிறது. எதிரிடை அனுபவத்தை முதன்மை வாதமாக்காதீர்கள். அது நிலம் அரசுடையது என்று ஒப்புக்கொண்டு தொடங்கும் வாதம். உங்களிடம் 1956 பத்திரம் இருக்கும்போது அதற்கு அவசியமில்லை.

உத்தரவோ தீர்ப்போ கிடைத்த பிறகு வட்டாட்சியர் அலுவலகத்தில் 'அ' பதிவேடு, சிட்டா, புலப்படம், இணையக் கணக்கு நான்கிலும் திருத்தம் ஏறியதா என்று பார்த்த பின்பே செட்டில்மெண்ட் எழுதப் போங்கள். இணையக் கணக்கில் 'அரசு' என்று இருக்கும்வரை பதிவு அலுவலகத்தில் மறுபடியும் அதே பதில்தான் வரும்.