பகையாளிகள் கட்டிய பொது வீடு

கேள்வி: ஐயா, ஐரோப்பிய நாடுகள் பொது நாடாளுமன்றமே வைத்திருக்கின்றன. நம் தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க் மட்டும் ஏன் முடங்கிக் கிடக்கிறது?
– மீனவர், தேவனாம்பட்டினம், கடலூர்

பதில்: புதுச்சேரி கடற்கரைச் சாலையில் பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னம் இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். முதல் உலகப் போரில் பிரான்ஸுக்காக உயிர்விட்ட நம்மூர்க்காரர்களுக்காக எழுப்பியது. அந்தப் போரில் அடித்துக்கொண்ட பிரான்ஸும் ஜெர்மனியும் இன்னொரு பெரும்போரையும் நடத்தி முடித்த பிறகு, 1951இல் இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகியவற்றோடு ஓர் ஒப்பந்தம் போட்டன. விஷயம் நிலக்கரியும் எஃகும்தான். பீரங்கிக்கு எஃகு வேண்டும், எஃகுக்கு நிலக்கரி வேண்டும். இரண்டும் பொதுப் பொறுப்புக்குப் போய்விட்டால் யாரும் திருட்டுத்தனமாகப் படை திரட்ட முடியாது. ஒன்பது பேர் கொண்ட உயர் ஆணையம் அமைத்தார்கள். உறுப்பினர்கள் சொந்த அரசின் உத்தரவைக் கேட்கக் கூடாது. ஆணையத்தின் முடிவு ஆறு நாடுகளையும் கட்டுப்படுத்தும். தகராறு வந்தால் தீர்க்கப் பொது நீதிமன்றம். இதுதான் வளர்ந்து இன்றைய ஐரோப்பிய ஒன்றியம் ஆனது; பொதுச் சந்தையும் யூரோ நோட்டும் பிறகு வந்தவை. நீங்கள் சொல்லும் நாடாளுமன்றத்துக்கு 1979இலிருந்து மக்களே நேரடியாக வாக்களிக்கிறார்கள். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள புதுச்சேரித் தமிழர்களுக்கும் அந்த வாக்கு உண்டு.

சார்க் 1985இல் டாக்காவில் பிறந்தது. எல்லா முடிவும் ஒருமனதாக இருக்க வேண்டும், இரு நாட்டுத் தகராறுகளைப் பேசக் கூடாது என்று அதன் சாசனமே சொல்கிறது. ஒருவர் மறுத்தால் எல்லாம் நின்றுவிடும். 2014 காட்மாண்டுவுக்குப் பிறகு உச்சி மாநாடே கூடவில்லை. ஐரோப்பா கைவைத்த இடமே சண்டையின் வேர். நாமோ சண்டையை வாசலிலேயே நிறுத்திவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தோம். இதுதான் என் ஆதங்கம்.

பாக் நீரிணையையே எடுத்துக்கொள்ளுங்கள். மீன்பிடிப் பிரச்சினைக்காக 2016இல் இந்திய–இலங்கைக் கூட்டுப் பணிக்குழு அமைத்தார்கள். கூடுகிறார்கள், பேசுகிறார்கள், கைதுகள் நிற்கவில்லை. உத்தரவிடும் அதிகாரம் அதற்கு இல்லை. ராமேஸ்வரத்தாரும் யாழ்ப்பாணத்தாரும் சமமாக உட்காரும் நிரந்தர ஆணையம் வேண்டும். எந்த வலை, எத்தனை படகு, எந்தெந்த நாள் என்று அதுவே முடிவு செய்ய வேண்டும். கடலடியை வாரிக்கொண்டு போகும் இழுவைமடி வலை கூடாது என்று அது சொன்னால் நம் விசைப்படகுக்காரர்களும் கேட்டாக வேண்டும். நம் இழுவைமடியால் அறுந்த வலைகளோடு கரையேறும் யாழ்ப்பாண மீனவரும் நம்மைப் போலக் கடலை நம்பியவர்தானே? மீன் கூட்டத்தையே வளைத்துப் பிடிக்கும் சுருக்குமடி வலைத் தகராறில் ஊருக்கு ஊர் மோதிய கடலூருக்கு இந்த வலி புரியும்.

கேள்வி: ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த நாடு விலகலாமா?
– வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: விலகலாம். ஒன்றிய நாடுகள் போட்ட லிஸ்பன் ஒப்பந்தத்தின் 50ஆவது பிரிவு வழி சொல்கிறது. பிரிட்டன் 2016இல் வாக்கெடுப்பு நடத்தி, 2020 ஜனவரி 31இல் வெளியேறியது. பேச்சுவார்த்தையில் பெரிதும் இழுபறியானது, பிரிட்டனின் வடக்கு அயர்லாந்துக்கும் ஒன்றியத்திலேயே இருக்கும் அயர்லாந்துக்கும் இடையிலான எல்லைதான்.