கணவரின் சிறுநீரகம் ஏன் எனக்குச் சேரவில்லை?

கேள்வி: எனக்கு 46 வயது. வெள்ளவத்தையில் வசிக்கிறேன், மூன்று பிள்ளைகள். டயலிசிஸ் செய்துகொண்டிருக்கிறேன். கணவருக்கும் எனக்கும் ஒரே குருதி வகை. ஆனால் ‘கிராஸ்மேட்ச் பாசிட்டிவ்’, அவருடைய சிறுநீரகம் சரிவராது என்கிறார்கள். தம்பி தர முன்வருகிறான். அவனுக்கோ நாரி வலிக்குச் செய்த சோதனையில் எச்எல்ஏ பி27 பாசிட்டிவ். அவனும் தர ஏலாதா?

பதில்: இந்த இரண்டு பாசிட்டிவும் வேறு வேறு. முதலில் கணவருடையதைப் பார்ப்போம்.

குருதி வகை முதல் படி மட்டும்தான். நம் கலங்களின் மேல் எச்எல்ஏ என்ற இழையப் பொருத்தப் புரதங்கள் இருக்கின்றன. தாயிடமிருந்து ஒரு பாதி, தகப்பனிடமிருந்து ஒரு பாதி. சொந்தக் கலம் எது, பிறத்தியாருடையது எது என்று உடல் பிரித்தறிவது இவற்றை வைத்துத்தான்.

போகிறபோக்கில் ‘மூன்று பிள்ளைகள்’ என்று எழுதியிருக்கிறீர்களே, விடை அதில்தான் இருக்கக்கூடும். ஒவ்வொரு பிள்ளையும் கணவரின் பாதியைச் சுமந்துகொண்டு உங்கள் வயிற்றில் இருந்தது. அப்போதே உங்கள் உடல் அதை அடையாளம் கண்டு, அதைத் தாக்கும் பிறபொருளெதிரிகளை (அன்டிபொடி) உருவாக்கி வைத்திருக்கலாம். 1958இல் ரோஸ் பெய்ன், வான் ரூட் என்ற ஆய்வாளர்கள் பிள்ளை பெற்ற பெண்களின் குருதியில் இவற்றைக் கண்டார்கள். கிராஸ்மேட்ச் என்பது கணவரின் வெண்குருதிக் கலங்களோடு உங்கள் குருதியின் தெளிந்த நீரைச் சேர்த்துப் பார்ப்பது. அந்த எதிரிகள் அவருடைய கலங்களைப் பற்றிக்கொண்டால் பாசிட்டிவ். அப்படியே பொருத்தினால் சில மணி நேரத்திலேயே சிறுநீரகம் கருகிவிடலாம். பிள்ளைகளில் யாராவது தர முன்வந்தாலும் இதே தடை வரலாம், மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள்.

தம்பி? கூடப்பிறந்தவர் முழுதாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு, பாதி பொருந்த இரண்டில் ஒன்று. இன்றைய மருந்துகளோடு பாதியும் தாராளமாகப் போதும்; கிராஸ்மேட்ச் நெகட்டிவாக இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

பி27 இதே புரதக் குடும்பத்தில் ஒன்று. முள்ளந்தண்டு இறுகிப்போகும் ஒருவகை வாதத்தைச் சந்தேகிக்கும்போது பார்ப்பது. பி27 உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு அந்த நோய் வருவதே இல்லை, அது இருப்பதற்காக மட்டும் தம்பியை ஒதுக்க மாட்டார்கள். எனக்கு உறுத்துவது வேறொன்று: நாரி வலிக்கு அவர் டைக்குளோபினாக் போன்ற மாத்திரைகளை மாதக்கணக்கில் விழுங்கினாரா? அவை சிறுநீரகத்தைக் கெடுக்கும். மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.

இன்னொன்று. ஹீமோகுளோபின் குறைந்தால் உடனே இரத்தம் ஏற்ற ஒப்புக்கொள்ளாமல், இரும்பூசியும், குருதி ஊறச்செய்யும் எரித்ரோபொயட்டின் ஊசியும் போதுமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். ஏற்றும் ஒவ்வொரு பையும் புது எதிரிகளை உண்டாக்கக்கூடும். பிறகு தம்பியும் பொருந்தாமல் போகலாம்.