ஸ்டேப்ளர் துணிக்கு "சேர்ஜிக்கல் ஐட்டம்ஸ்" என்டு பில் போட்டா அது பில்லா?

இந்தக் கிழமை வந்த கடிதங்கள் முக்கால்வாசி ஒரே சாமானைப் பத்தித்தான். ஒப்பரேசன்ல குடல், இரைப்பை, நுரையீரல் எல்லாம் வெட்டி மூடுற ஸ்டேப்ளர்ல மாட்டுற, உடம்புக்குள்ளயே கரைஞ்சு போற பின்னல் துணி. கடிதங்களைச் சுருக்கித்தான் போட்டிரிக்கன்.

கேள்வி: அண்ணாக்கு கொழும்புல பிரைவேட்ல நுரையீரல் ஒப்பரேசன் செஞ்சாங்க. பில்லுல "பட்ரஸ் 3" என்டு பெரிய காசு கிடக்கு. இது என்ன, உண்மையா தேவையா? (கல்லடி)

பதில்: தங்கச்சி, ஸ்டேப்ளரை ஒருக்கா அமத்தினா டைட்டேனியம் பின்கள் வரிசையா இறங்கி மடியும், நடுவால கத்தி ஓடும், வெட்டும் மூடுறதும் ஒரே நேரத்துல முடிஞ்சிரும். ஆனா புகை குடிச்சுப் பழுதான நுரையீரல் நனைஞ்ச கடதாசி மாதிரி, பின் இறங்கின ஓட்டையே கிழிஞ்சு காத்து ஒழுகும். அதுக்குத்தான் ஸ்டேப்ளர்ர ரெண்டு தாடையிலயும் இந்தத் துணிப்பட்டியை, பில்லுல கிடக்கிற "பட்ரஸ்" இதுதான், மாட்டுறது, பின் துணியையும் சேத்துப் பிடிக்கிறதால இழுவை ஒரு இடத்துல விழாமப் பரவும். கனக்க பட்டிகள் பொலிகிளைகோலிக் அசிட்டுல செஞ்சது, கரையுற தையல் நூலுக்கு 1970கள்ல இருந்து பாவிக்கிற அதே சாமான். உடம்புத் தண்ணி பட்டுப் பட்டு உடையும், சில கிழமையில பலம் போயிரும், சில மாசத்துல ஆளே இல்ல. பின்னல் என்டதால உறுப்போட சேந்து கொஞ்சம் விட்டுக்குடுக்கும். எல்லாருக்கும் தேவையா என்டா, இல்ல, அது சர்ஜன்ட முடிவு. ரத்தம் கசியுறதைக் குறைக்குது என்டு நிறைய ஆய்வு சொல்லுது, ஆனா இரைப்பை ஒப்பரேசன்ல ஒழுக்கைத் தடுக்குமா என்டதுல சர்ஜன்மாருக்குள்ளயே ஒத்த கருத்து இல்ல. நீங்க பாக்க வேண்டியது எண்ணிக்கை. ஒவ்வொரு தரம் சுடுறதுக்கும், அதாவது ஸ்டேப்ளரை அமத்துறதுக்கும், ஒரு செட், அப்ப மூணு செட் என்டா ஒப்பரேசன் குறிப்புல துணியோட மூணு தரம் சுட்டதா இரிக்கோணும்.

கேள்வி: இது மாட்டுல இல்லாட்டி பண்டியில செஞ்சதா? (காத்தான்குடி)

பதில்: பொலிகிளைகோலிக் அசிட் முழுக்க செயற்கை, மிருகம் ஒண்டும் இல்ல. ஆனா மாட்டு இதயத்தைச் சுத்தியிருக்கிற சவ்வுல செஞ்சதும் பண்டிக் குடல்ல செஞ்சதும் இரிக்கு. ஒப்பரேசனுக்கு முதல் டொக்டர்ட்டக் கேளுங்க, மறைக்க மாட்டாங்க. மயக்கம் குடுத்த பிறகு ஒருத்தரும் கேக்க ஏலாது.

கேள்வி: வாட்ஸ்அப்ல ஒருத்தர் பாதி விலைக்குத் தாறன் என்றார். எக்ஸ்பயரி முடிஞ்சு நாலு மாசம்தானாம். (ஏறாவூர்)

பதில்: வாங்காதீங்க.

கேள்வி: தியேட்டர்ல பெக்கெட் உடைச்சுப் பாவிக்காம மிஞ்சினது ரெண்டு இரிக்கு. ஓட்டோகிளேவ்ல போட்டு எடுத்து வைக்கலாமா? (அக்கரைப்பற்று, சின்ன கிளினிக் ஒண்டின்ட ஸ்டோர்)

பதில்: ஏலாது. தண்ணிப் பசையில கரையுற சாமானை நீராவிக்குள்ள வேக வைக்கப் போறீங்க. ஈரம் போகாம ஃபொயில்ல அடைச்சு வாறதே அதுக்குத்தான், நம்மட ஊர் வெக்கைக்கும் வாவிக் காத்துக்கும் உடைச்ச பெக்கெட் தாங்காது. ஸ்டோர் பாக்கிற ஆள் இதைக் கேக்கிறது எனக்குப் பயமா இரிக்கு.

கேள்வி: தங்கச்சிக்கு இரைப்பையைச் சுருக்குற ஒப்பரேசன். துணி அஞ்சு வாங்கித் தரச் சொன்னாங்க, நகை அடகு வச்சு வாங்கினம். பில்லுல "சேர்ஜிக்கல் ஐட்டம்ஸ்" என்டு மட்டும் இரிக்கு. மறுகா குறிப்பைப் பாத்தா ரெண்டுதான் பாவிச்சதாம். மிச்சம் எங்க என்டு கேட்டா பதில் இல்ல. (கல்முனை)

பதில்: அக்கா, உங்கட கடிதத்தை ரெண்டு தரம் வாசிச்சன். அடகு வச்ச நகையில வந்த காசு அது, விடாதீங்க. மிஞ்சின மூணையும் கேட்டு ஆஸ்பத்திரிக்கு எழுத்துல குடுங்க, கையொப்பம் வாங்குங்க. உடம்புக்குள்ள வைக்கிற சாமான் கனக்கத்துல பெட்டிக்குள்ள ஒட்டுற ஸ்டிக்கர் வரும், லொட் நம்பரும் (எந்தத் தொகுதியில செஞ்சது என்டு காட்டுற இலக்கம்) எக்ஸ்பயரியும் அதுல இரிக்கும், ஒண்டு நோயாளிட கோப்புல ஒட்டோணும். எத்தினை ஸ்டிக்கர் இரிக்கு என்டு எண்ணுங்க. வித்த கடை சரியான பில் தராட்டி பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977க்கு எடுங்க, சாமான் வாங்கி மூணு மாசத்துக்குள்ள முறைப்பாட்டை எழுத்துல குடுக்கோணும்.

இந்த "சேர்ஜிக்கல் ஐட்டம்ஸ்" பில்லைக் கண்டா எனக்கு ரத்தம் கொதிக்கும். என்ட அம்மாக்கு சீனி பாக்கிற ஸ்ட்ரிப் ஒரு கடையில மலிவா வாங்கினன், பில்லுல "மெடிக்கல்" என்டு ஒரு சொல்லு, திகதிக்கு மேல வேற ஸ்டிக்கர் ஒட்டியிருந்ததை நான் பாக்கல்ல, ரெண்டு கிழமை பிழையான அளவைப் பாத்து அம்மா மருந்து மாத்திக் கஷ்டப்பட்டா. திருப்பிக் கொண்டு போனா "எங்கட சாமான் என்டு எங்க இரிக்கு?" என்டு கேட்டாங்க. பேரில்லாத பில்லுக்கு அதுதான் அர்த்தம், நாளைக்குப் பழுதானா ஆரும் பொறுப்பில்ல. உள்ளுக்குள்ள வைக்கிற சாமான்ல அது இன்னும் கொடுமை. ஸ்டேப்ளர் பிழைச்சது பத்தி மருந்தையும் மருத்துவச் சாமானையும் கண்காணிக்கிற அமெரிக்காட எஃப்.டி.ஏக்கு 2011 தொடக்கம் 2018 மார்ச் வரை 41,000க்கு மேல அறிக்கை போச்சு, 366 சாவு அதுக்குள்ள. 2021ல சட்டத்தை இறுக்கினாங்க. அங்க எந்தச் சாமான் என்டு எழுதி அறிக்கை குடுத்தபடியாத்தான் எண்ணவே ஏலுமா இருந்தது. கடைக்காரர் பில்லுல சாமான்ட பேர், அளவு, லொட், எக்ஸ்பயரி நாலையும் எழுத ஒரு நிமிசம் போகாது.

கேள்வி: டொக்டர் துண்டுல எழுதினதை வெளியில வாங்கப் போறம். என்ன பாக்கோணும்? (செங்கலடி)

பதில்: ஸ்டேப்ளர்ர கம்பனியும் நீளமும், 45ஆ 60 மில்லிமீட்டரா என்டு துண்டுல எழுதுவிச்சுக் கொண்டு போங்க, ஒண்டுக்குச் செஞ்சது மற்றதுல மாட்டாது. துணி சேந்தா தடிப்புக் கூடும், பின் உயரத்தையும் பாத்துத்தான் சர்ஜன் கார்ட்ரிட்ஜ் (ஸ்டேப்ளர்ல மாட்டுற, பின் நிரப்பின துண்டு) எடுப்பார், அதனால கடைக்காரர் "இதுவும் அதுதான்" என்டு தாறதை வாங்காதீங்க. நாட்டுல மருந்தையும் மருத்துவச் சாமானையும் பதியுற என்.எம்.ஆர்.ஏட பதிவு இரிக்கா என்டு கேளுங்க.

கேள்வி: போன வருசம் வாங்கினது, பில்லை எறிஞ்சிட்டன், எந்தக் கடை என்டும் மறந்துட்டு. காசு திருப்பி எடுக்கலாமா? (களுவாஞ்சிகுடி)

பதில்: எப்பிடி எடுக்கிறது தம்பி? கடையும் இல்ல, பில்லும் இல்ல, மூணு மாசமும் போயிட்டு.

கேள்வி: துணி கரைஞ்சா பின்னும் கரையுமா? எம்.ஆர்.ஐ எடுக்கச் சொல்லியிரிக்காங்க. (ஆரையம்பதி)

பதில்: கரையுறது துணி மட்டும்தான், டைட்டேனியம் பின் உள்ளுக்குள்ளயே இரிக்கும். எம்.ஆர்.ஐ ஆக்கள்ட்ட முதல்லயே சொல்லி, கோப்புல ஒட்டின ஸ்டிக்கரையும் காட்டுங்க.