கன்னெரா மணிகேட்டாவை வீட்டுத் தோட்டத்தில் வளர்க்க முடியுமா?

முடியும், ஆனால் தொட்டியில் வேண்டாம். குடை மாதிரி விரியும் இதன் ஒரு இலையே இரண்டு மீட்டர் அகலம் வரும். காம்பு முழுக்க முள். வெப்பமண்டலச் செடி போலத் தெரிந்தாலும் இதன் தாயகம் தெற்கு பிரேசிலின் குளிர்ந்த மலைப்பகுதி. கொளுத்தும் வெயில், வறண்ட காற்று இரண்டும் ஆகாது, இலை ஓரம் கருகிவிடும். குளத்தங்கரை போல எப்போதும் ஈரமான, மட்கு நிறைந்த மண்ணும் அரைநிழலும் கொடுங்கள்.

காம்பின் அடியில் உள்ள சுரப்பிகளுக்குள் நாஸ்டாக் என்னும் நீலப்பச்சைப்பாசி குடியிருக்கும். காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுப்பது அதுதான். பூக்கும் தாவரங்களில் இப்படியொரு ஏற்பாடு மிக அபூர்வம்!

உறைபனி விழும் ஊரானால், வாடிய இலைகளை வெட்டி நடுக்குருத்தின்மேல் கவிழ்த்து மூடுங்கள். அப்புறம், விதை வாங்கினால் புதிதாக இருக்க வேண்டும். பழைய விதை முளைப்பது கஷ்டம்.